ஹோமாரே சாவா: கலைந்த லீக்குகளினூடே ஓர் ஆட்ட வாழ்வு

2011 ஜூலை 17 அன்று பிராங்பர்ட் நகரில் நடந்த மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். 117ஆம் நிமிடத்தில் ஆயா மியாமா உதைத்த கார்னர் பந்தை, ஓடிவந்த ஹோமாரே சாவா வலக்காலின் வெளிப்புறத்தால் திருப்பிக் கோலாக்கினார். அமெரிக்காவுடனான ஆட்டம் 2–2 எனச் சமனாயிற்று. பெனால்டி உதைகளில் 3–1 என வென்று ஜப்பான் கோப்பையைக் கைப்பற்றியது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர்தான், மார்ச் 11 அன்று, நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்நாட்டின் வடகிழக்குக் கரையைச் சிதைத்திருந்தன. எனவே, பேரிடரிலிருந்து மீண்டெழுந்த ஒரு தேசத்தின் அற்புதமாகவே அவ்வெற்றி இன்றளவும் பேசப்படுகிறது. நெஞ்சைத் தொடும் விளக்கம்தான்; ஆனால் பாதி விளக்கம். மறுபாதி, அணித்தலைவியான சாவா அதற்கு முன்பு கடந்துவந்த ஆண்டுகளில் இருக்கிறது.

1978இல் டோக்கியோ மாநகரின் ஃபுச்சூவில் பிறந்த சாவா, 12 வயதில் யோமியூரி கழகத்தின் பெலேசா மகளிர் அணியில் ஆடத் தொடங்கினார். 1993 டிசம்பரில், 15 வயதில், தேசிய அணிக்கான தம் முதல் ஆட்டத்திலேயே பிலிப்பைன்ஸுக்கு எதிராக 4 கோல்கள் அடித்தார். ஆடவருக்கான தொழில்முறை ஜே லீக் தொடங்கியதும் அதே 1993இல்தான். ஆடவர் கால்பந்து சந்தையை நோக்கி நகர்ந்த அக்காலத்தில், 1989இல் உருவான மகளிர் லீக் பெருநிறுவனங்களின் தயவிலேயே நின்றது. பொருளாதாரக் குமிழி வெடித்தபின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. 1990களின் இறுதியில் பல அணிகள் கலைக்கப்பட்டன. 1999 உலகக் கோப்பையில் ஜப்பான் முதற்சுற்றோடு வெளியேறி, சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பையும் இழந்தது.

அவ்வாண்டே சாவா அமெரிக்கா சென்றார். அட்லாண்டா பீட் அணியில் 2001 முதல் ஆடினார். அந்தத் தொழில்முறை லீக்கும் 2003இல் நிதியின்றி நின்றது. பெலேசாவுக்குத் திரும்பிய அவர், 2009இல் மற்றோர் அமெரிக்க லீக்கில் வாஷிங்டன் ஃப்ரீடம் அணிக்குச் சென்றார். அந்த லீக்கும் 2012இல் மூடப்பட்டது. இடையே பெலேசாவின் தாய்க்கழகம் நிதி நெருக்கடிக்குள்ளாக, 2011இல் கோபேயின் ஐநாக் அணியில் சேர்ந்தார். காயங்களைவிட லீக்குகளின் சாவே அவர் ஆட்ட வாழ்வின் திசையை அதிகம் மாற்றியது எனலாம்.

திருப்புமுனை, 2004 ஏப்ரலில் டோக்கியோ தேசிய அரங்கில் நடந்த ஏதென்ஸ் ஒலிம்பிக் தகுதியாட்டம். 30,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், முழங்கால் காயத்துடன் சாவா களமிறங்கினார். ஜப்பான் வட கொரியாவை 3–0 என வென்றது. ‘நாதெஷிகோ’ என்னும் பெயர் அணிக்கு வாய்த்ததும் அவ்வாண்டே. பண்பட்ட ஜப்பானியப் பெண்மையைக் குறிக்கும் ஒரு மலரின் பெயரை மோதி ஆடும் பெண்களுக்குச் சூட்டியதிலுள்ள முரண் தனி ஆய்வுக்கு உரியது.

2008இல் பயிற்சியாளர் நோரியோ சசாகி, தாக்குதல் நடுக்களத்தில் ஆடிவந்த சாவாவைத் தற்காப்பு நடுக்களத்துக்குப் பின்னிழுத்தார். எதிரணியின் பந்தைப் பறித்து அங்கிருந்தே தாக்குதலைத் தொடங்குவது அவர் பணியாயிற்று. அந்த இடத்திலிருந்தபடியே 2011இல் 5 கோல்கள் அடித்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் அதிகக் கோலடித்தவராகவும் விளங்கினார். 2012 ஜனவரியில் உலகின் சிறந்த வீராங்கனைக்கான பிஃபா விருது அவருக்குக் கிடைத்தது. காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கரினா மருயாமா அடித்த கோலுக்குப் பந்தை அளித்தவரும் சாவாவே. அந்த மருயாமா, ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே மின்நிறுவன அணியில் ஆடியவர். பேரிடருக்குப்பின் அவ்வணியும் இல்லாமற்போயிற்று. பேரிடர்க் கதையும் மகளிர் கால்பந்தின் கூலிக் கதையும் அந்த ஒரு கோலில் சந்திக்கின்றன.

உலகக் கோப்பை வந்த பிறகும் பழைய கணக்கு முற்றாக மாறிவிடவில்லை. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கிற்காக ஐரோப்பாவுக்குப் பறந்தபோது, 23 வயதுக்குட்பட்ட ஆடவர் அணி உயர் வகுப்பிலும், உலக வாகையரான மகளிர் அணி அதற்குக் கீழான வகுப்பிலும் அமர்ந்தன. வயதில் மூத்தவர்கள் தாங்களே, முறை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று சாவா சிரித்தபடி சுட்டிக்காட்டினார். அவ்வொலிம்பிக்கில் அவர்கள் வெள்ளி வென்றனர்.

ஆறு உலகக் கோப்பைகளில் ஆடி, 205 பன்னாட்டு ஆட்டங்களில் 83 கோல்கள் அடித்த சாவா, 2015 டிசம்பர் 27 அன்று பேரரசி கோப்பை இறுதியாட்டத்துடன் விடைபெற்றார். அந்த ஆட்டத்தின் ஒரே கோல், கார்னர் பந்தை அவர் தலையால் முட்டி அடித்தது. மூன்றே மாதங்களுக்குள், ஒசாகாவில் நடந்த தகுதிச் சுற்றில் ஜப்பான் ரியோ ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. ஜப்பானியப் பெண்களுக்கென ஒரு தொழில்முறை லீக் தொடங்கியது 2021இல். ஜே லீக்குக்கு 28 ஆண்டுகள் பின்னர்.