துரதிருஷ்ட நிகழ்வுகளின் தொடர்

‘எ சீரீஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவன்ட்ஸ்’ என்பது, அமெரிக்க எழுத்தாளர் டேனியல் ஹேண்ட்லர் ‘லெமனி ஸ்னிக்கெட்’ என்னும் புனைபெயரில் எழுதி, 1999 முதல் 2006 வரை 13 நூல்களாக வெளிவந்த, துயரத்தையே நகைப்புக்கு இடமாக்கும் கருநகைச்சுவை வகைச் சிறார் நாவல் வரிசையாகும். பெரியோருக்கான தம் முதல் நாவலை எழுதுகையில், வலதுசாரி அமைப்புகளிடம் சொந்தப் பெயரை வெளியிடாமல் தகவல் கேட்பதற்காக அவர் சூட்டிக்கொண்ட அப்பெயரே, பின்னர் கதையைச் சொல்லும் சோகம் தோய்ந்த பாத்திரமாக வளர்ந்தது.

தீவிபத்தில் பெற்றோரை இழந்த வயலட், கிளாஸ், சன்னி என்னும் போதலேர் உடன்பிறப்புகளும், அவர்களின் சொத்தைக் கவர மாறுவேடங்களில் துரத்தும் கவுன்ட் ஓலாஃபும், ஆபத்து கண்ணெதிரே நின்றும் நம்ப மறுக்கும் பெரியவர்களும் கதையை நகர்த்துகின்றனர். குடும்பப்பெயர் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரை நினைவூட்டுவதாகும். அருஞ்சொற்களுக்குக் கதைசொல்லி இடையிடையே தரும், பெரும்பாலும் அந்தச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும் விளக்கங்களும், நூலைப் படிக்க வேண்டாமென வாசகரை எச்சரிக்கும் குறும்பும் (அதன் பிறகு எந்தக் குழந்தைதான் மூடிவைக்கும்?) இவ்வரிசையின் ஈர்ப்பை வளர்த்தன, எனினும் நன்மையே எப்போதும் வெல்லும் என்ற பொய்யாறுதலைத் தவிர்த்து, இளம் வாசகரின் அறிவை மதித்ததே அதன் தனிச்சிறப்பு எனலாம். ஒவ்வொரு நூலும் 13 அத்தியாயங்கள் கொண்டது. 2006 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை வெளியான இறுதி நூலில் மட்டும் 14ஆவது அத்தியாயம் தனியே சேர்க்கப்பட்டது.