நாணயமும் நம்பிக்கையும்: ஹாப்ஸ்பர்க் பேரரசின் தாட்பண வரலாறு

'நாணயம்' என்னும் சொல் தமிழில் காசினையும் குறிக்கும்; சொன்ன சொல் தவறாத நேர்மையினையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லின்கண் அமைந்திருத்தல் வரலாற்று மாணவர் எண்ணிப் பார்த்தற்குரியது. காசின் மதிப்பு எதன்மேல் நிற்கின்றது? பொன்னும் வெள்ளியுமே அதற்கு அடிப்படை என்பர் ஒரு சாரார். அரசின் ஆணையே அடிப்படை என்பர் மற்றொரு சாரார். செருமானிய அறிஞர் நாப் என்பார் 1905-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இப்பின்னைய கொள்கையை வலியுறுத்துவது. இவ்விரண்டனையும் உரைத்துப் பார்த்தற்கு உரிய கட்டளைக்கல், வியன்னாவைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹாப்ஸ்பர்க் பேரரசின் வரலாறே என்பது நம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1. முறிந்த வாக்கு

அப்பேரரசில் தாட்பணம் முதன்முதல் 1762-ஆம் ஆண்டில், வியன்னா நகர வங்கியின் பெயரால் வெளியிடப்பட்டது. வேண்டுவோர் அத்தாளைக் கொடுத்து உலோகக் காசு பெற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் வலிமையாக இருந்தது. பிரெஞ்சுப் போர்களின் செலவு பெருகவே, 1797-ஆம் ஆண்டில் அவ்வுரிமை நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் நிதியமைச்சின் தேவைக்கேற்பத் தாள்கள் அச்சாயின. 1811-ஆம் ஆண்டிற்குள் புழக்கத்தில் இருந்த தாட்பணம் ஏறத்தாழ 106 கோடி குல்டனாக உயர்ந்துவிட்டது.

1811-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-இல் பேரரசர் முதலாம் பிரான்சிஸ் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். மார்ச்சு 15 வரை மறைத்து வைக்கப்பட்டிருந்த அவ்வாணை வெளியானபொழுது, ஐந்து குல்டன் பழைய தாளுக்கு ஒரு குல்டன் புதிய தாளே கிடைக்கும் என்பதை மக்கள் அறிந்தனர். சேமித்து வைத்தோரும், ஆண்டுத்தொகை பெற்று வாழ்ந்தோரும் பெரிதும் இழந்தனர். இசைப்புலவர் பீத்தோவனுக்கு மூன்று பெருமக்கள் 1809-ஆம் ஆண்டில் உறுதியளித்த 4,000 குல்டன் ஆண்டுத்தொகையும் இதனால் மதிப்புக் குன்றியது. புதிய தாள்கள் ஒரு வரம்பிற்கு மேல் அச்சிடப்பட மாட்டா என அரசு வாக்களித்திருந்தது. ஆயினும் 1813-ஆம் ஆண்டிலேயே வேறொரு பெயரால் மீண்டும் தாட்பணம் வெளிவந்தது. அரசின் வாக்கு நெடுங்காலம் நிற்கவில்லை.

2. அரசினின்று பிரிந்து நின்ற வங்கி

போர் முடிந்தபின், நிதிப்பொறுப்பை ஏற்றிருந்த ஸ்டாடியோன் பிரபு, அரசே வாக்களித்துப் பயனில்லை என்பதை உணர்ந்தார். 1816-ஆம் ஆண்டு ஜூன் 1-இல் ஆஸ்திரியத் தேசிய வங்கி நிறுவப்பட்டது. அது பங்குதாரர்க்கு உரியது. தாட்பணம் வெளியிடும் தனியுரிமை பெற்றது. அச்சிடும் கை வேறு, செலவிடும் கை வேறு என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து. 1811-ஆம் ஆண்டின் ஆணையால் இழப்புற்ற பீத்தோவனே 1819-ஆம் ஆண்டில் இவ்வங்கியின் எட்டுப் பங்குகளை வாங்கினார் என்பதும், 1827-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபொழுது அவற்றுள் ஏழு அவர்தம் மறைவான இழுப்பறையிலிருந்து கிடைத்தன என்பதும் குறிக்கத்தக்கவை.

ஆயினும் போர் வந்தபொழுதெல்லாம் இவ்வரண் உடைந்தது. 1848-ஆம் ஆண்டின் புரட்சிக்காலத்தில் வெள்ளி வழங்குதல் நிறுத்தப்பட்டது. 1858-இல் மீண்டும் தொடங்கிய அவ்வழக்கத்தை 1859-ஆம் ஆண்டின் இத்தாலியப் போர் அழித்தது. 1866-ஆம் ஆண்டில் பிரசியாவோடு போர் மூண்டபொழுது, வங்கியின் தனியுரிமையைப் புறக்கணித்து அரசு தானே தாள்களை வெளியிட்டது.

3. பொன் வழங்காது பொன்னொத்த தாள்

இனி நாம் காண்பது வியத்தற்குரியது. 1870-ஆம் ஆண்டிற்குப் பின்னர் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. ஒரு குல்டன் காசில் அடங்கிய வெள்ளியைவிட ஒரு குல்டன் தாளே மதிப்பு மிக்கதாயிற்று. தனியார் வெள்ளியைக் கொணர்ந்து காசாக்கிக்கொள்ளும் உரிமையை அரசு 1879-ஆம் ஆண்டில் நிறுத்தியது. உலோகமே பணத்தின் உயிர் என்பார் கூற்று இங்குப் பொருந்தாமை வெளிப்படை.

1878-ஆம் ஆண்டில் அவ்வங்கி ஆஸ்திரிய-ஹங்கேரிய வங்கியாக மாறியது. 1892-ஆம் ஆண்டின் சட்டம் பொன்னை அளவையாகக் கொண்ட குரோனை வகுத்தது. ஒரு குல்டன் இரண்டு குரோன் ஆயிற்று. ஆனால் தாளுக்குப் பொன் கொடுத்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் வங்கிக்கு ஒருபொழுதும் சட்டத்தால் விதிக்கப்படவில்லை. அவ்வாறிருந்தும் அயல்நாட்டு உண்டியல்களைத் தக்க காலத்தில் விற்றும் வாங்கியும், வட்டியை உயர்த்தியும் தாழ்த்தியும், குரோனின் மதிப்பை வங்கி நிலைநிறுத்தியது. பொற்காசுகளை மக்களிடம் புழங்கவிட முயன்றபொழுது, அவற்றுள் பெரும்பகுதி வங்கிக்கே திரும்பி வந்தது. மக்கள் தாளையே விரும்பினர். அத்தாளின் ஒருபுறம் ஹங்கேரிய மொழியும், மறுபுறம் செருமானிய மொழியும், அதனோடு வேறு எட்டு மொழிகளில் தொகையும் பொறிக்கப்பட்டிருந்தன. பல மொழி பேசிய மக்கள் ஒருங்கே நம்பிய ஆவணம் அஃது எனலாம்.

4. வீழ்ச்சி

அரசுக்குக் கடன் கொடுத்தலை வங்கியின் விதிகள் தடுத்திருந்தன. வெளியிட்ட தாளில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு உலோக இருப்பு வேண்டும் என்றும், கணக்கினை வெளியிடவேண்டும் என்றும் பணித்திருந்தன. 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், உலகப்போர் தொடங்கியவுடனே, இவ்விதிகள் ஓர் ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டன. போர் முடிந்தபொழுது தாட்பணம் பத்து மடங்கிற்கு மேல் பெருகியிருந்தது. குரோனைச் செல்லும் பணமாக்கிய சட்டம் அப்பொழுதும் நடைமுறையில் இருந்தது. எனினும் மதிப்பு வீழ்ந்தது. அரசின் ஆணையே பணத்திற்குப் போதும் என்னும் கொள்கையும் இதனால் தளர்வுறுகின்றது.

பேரரசு சிதைந்தபின், 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா ஆகிய நாடுகள் தத்தம் எல்லைக்குள் இருந்த குரோன் தாள்களின்மேல் முத்திரை பதித்தன. ஒரே அச்சகத்தில் பிறந்த தாள்கள் முத்திரை வேறுபாட்டால் வெவ்வேறு மதிப்புப் பெற்றன. ஆஸ்திரியக் குரோன் 1922-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,400-இல் ஒரு பங்கு பொன்மதிப்பிற்கு இறங்கியது. வாணாள் முழுதும் சேர்த்த பொருள் ஒரு வேளை உணவிற்கும் பற்றாதாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் சர்வதேசச் சங்கத்தின் துணையோடு 65 கோடிப் பொற்குரோன் கடனுக்கு உடன்படிக்கை ஏற்பட்டது. கடன் பெறுதற்கு முன்னரே, துணை வரும் என்னும் உறுதி வலுத்த அளவிலேயே வீழ்ச்சி நின்றது. ஆனால் அதற்கு ஈடாக, நாட்டின் வரவுசெலவினை மேற்பார்க்க டச்சுக்காரரான சிம்மர்மன் என்னும் ஆணையரை ஆஸ்திரியா ஏற்க நேர்ந்தது. தன்னைத் தான் அடக்கிக்கொள்ளாத அரசு பிறர் அடக்கத் தலைகுனிய வேண்டியதாயிற்று. 1923-ஆம் ஆண்டு ஜனவரி 1-இல் புதிய தேசிய வங்கி பணியாற்றத் தொடங்கியது. 1925-ஆம் ஆண்டில் 10,000 குரோனுக்கு ஒரு ஷில்லிங் என்னும் கணக்கில் புதுப்பணம் பிறந்தது.

5. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. பணத்திற்கு உயிர் தருவது உலோகமும் அன்று; ஆணையும் அன்று; அச்சிடும் ஆற்றல் கையில் இருந்தும் அச்சிடாது நிற்கும் உறுதியே ஆகும். அவ்வுறுதி ஒருவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நில்லாது. அரசின் அவசரத்திற்கு மறுப்புக் கூறவல்ல அமைப்பின்கண் நிற்கும். ஹாப்ஸ்பர்க் அரசு அமைதிக் காலத்தில் அவ்வமைப்பை மதித்தது. போர்க் காலத்தில் அதனைத் தானே உடைத்தது. அதன் விலையைக் கொடுத்தவர் தாளை நம்பிச் சேமித்த எளிய மக்கள். காசினையும் நேர்மையினையும் ஒரே சொல்லால் வழங்கிய தமிழ் மரபின் பொருட்பொருத்தம் அவ்வரலாற்றால் இனிது விளங்கும்.