எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளில் உலகின் அளவு

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்பது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெத்தெஸ்டா நிறுவனம் 1994 முதல் வெளியிட்டுவரும் கணினி விளையாட்டுத் தொடர் ஆகும். டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தில் இதன் கதைகள் நிகழ்கின்றன. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்று, விரும்பிய திசையில் செல்லலாம். முதன்மைக் கதையைத் தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவ்வாறு தடையின்றிச் சுற்றிவர இடம் தரும் விளையாட்டு நிலம் திறந்த உலகம் எனப்படுகிறது.

கணினியின் திறன் வளர வளர விளையாட்டு உலகங்களும் பெரிதாகி வந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இத்தொடரில் நடந்தது வேறு. முதன்மை விளையாட்டுகளின் பரப்பளவைச் சதுர கிலோமீட்டரில் தோராயமாகப் பின்வருமாறு கூறலாம்.

டாகர்ஃபால் (1996): 1,61,600
மோரோவிண்ட் (2002): 24
அப்லிவியன் (2006): 41
ஸ்கைரிம் (2011): 37

ஆறே ஆண்டுகளில் உலகம் ஆறாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்கியது. ஆனால் தொடருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவை இந்தச் சிறிய உலகங்களே. இதன் காரணத்தை அறிய, அந்த நிலங்களை யார், எப்படி உருவாக்கினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

சூத்திரம் உருவாக்கும் நிலம்

ஒரு விளையாட்டு உலகை இரண்டு வழிகளில் அமைக்கலாம். ஒவ்வொரு மலையையும் மரத்தையும் வீட்டையும் மனிதர் தம் கையால் வைப்பது ஒரு வழி. சில விதிகளையும் ஒரு தொடக்க எண்ணையும் கணினியிடம் கொடுத்து, நிலத்தை அதையே உருவாக்கச் செய்வது மற்றொரு வழி. இதனை நிரல்வழி உருவாக்கம் எனலாம். தொடக்க எண் மாறாதவரை கிடைக்கும் நிலமும் மாறாது. ஆகவே நிலம் முழுவதையும் நினைவகத்தில் சேமித்து வைக்க வேண்டியதில்லை.

நினைவகம் மிகக் குறைவாக இருந்த காலத்தில் இம்முறை பெரிதும் பயன்பட்டது. பிரிட்டனில் 1984-இல் வெளிவந்த எலைட் என்னும் விண்வெளி விளையாட்டு, 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் 8 விண்மீன் மண்டலங்களை அமைத்தது. மண்டலத்துக்கு 256 வீதம் மொத்தம் 2,048 கோள்கள் அதில் இருந்தன. பெத்தெஸ்டாவின் முதல் இரு விளையாட்டுகளும் இந்த வழியிலேயே சென்றன.

அரீனா: முடிவில்லாத வெளி

தொடரின் முதல் விளையாட்டான அரீனா 1994-இல் வெளிவந்தது. களம் இறங்கி மோதும் வீரர்களின் விளையாட்டாகவே இது முதலில் திட்டமிடப்பட்டது. பணி நடந்துகொண்டிருக்கும்போதே ஊர் சுற்றிப் பணிகளை முடிக்கும் விளையாட்டாக மாறிற்று. போர்க்களத்தைக் குறிக்கும் பெயர் மட்டும் நிலைத்தது.

இதில் டாம்ரியல் கண்டம் முழுவதும் இடம்பெற்றது. சுமார் 400 நகரங்களும் சிற்றூர்களும் இருந்தன. ஆனால் ஓர் ஊரின் வாயிலைக் கடந்து நடந்தால் அடுத்த ஊர் வராது. ஊரைச் சுற்றி நிலத்தைக் கணினி மேலும் மேலும் உருவாக்கிக்கொண்டே இருக்கும். வேறு ஊருக்குச் செல்ல வரைபடத்தில் அதைத் தேர்ந்தெடுப்பதே வழி. கண்டம் என்பது வரைபடத்தில் மட்டுமே தொடர்ச்சியாக இருந்தது. காலால் கடக்கும் நிலமாக அது இல்லை.

டாகர்ஃபால்: ஒரு நாட்டின் பரப்பு

1996-இல் வந்த டாகர்ஃபால் இந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. முழுக் கண்டத்தையும் விட்டுவிட்டு, இலியாக் விரிகுடாவைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. கிரேட் பிரிட்டன் அளவுள்ள உலகம் என்று இது பேசப்பட்டது. நகரம், சிற்றூர், நிலவறை, கோயில் என்று 15,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இதில் உண்டு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு உண்மையிலேயே நடந்து போகவும் முடியும்.

இந்தப் பரப்பை ஒரு சதுரமாகக் கொண்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வரும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் அதைக் கடக்க 80 மணி நேரம் ஆகும். ஆகவே பெரும்பாலோர் வரைபடத்தின் வழியாகவே பயணம் செய்தனர். அதற்கும் விலை இருந்தது. விரைந்து செல்வதா எச்சரிக்கையாகச் செல்வதா, விடுதியில் தங்குவதா வெட்டவெளியில் தங்குவதா, கப்பலா கால்நடையா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கேற்ப நாட்களும் பணமும் செலவாகும். ஏற்ற பணிகளுக்குக் கெடு உண்டு. பத்து நாளில் முடிக்க வேண்டிய பணிக்கு எட்டு நாள் பயணம் என்றால் ஆடுபவர் யோசித்தே ஆக வேண்டும். தொலைவைக் கால்கள் உணராவிட்டாலும் நாட்காட்டி உணர்த்தியது.

குறை இடங்களின் தன்மையில் இருந்தது. ஊர்களும் நிலவறைகளும் முன்பே செய்து வைத்த துண்டுகளைப் பலவாறு கோத்து அமைக்கப்பட்டவை. முதன்மைக் கதைக்குரிய சில இடங்களுக்கே தனிக் கவனம் கிடைத்தது. நூறு ஊர்களைப் பார்த்தவருக்கு நூற்றொன்றாவது ஊர் புதிதாக எதையும் சொல்லவில்லை. நிரற்பிழைகளும் ஏராளமாக இருந்தன. இருப்பினும், தான் பெயர் தெரியாத ஒருவராகப் பெரும் நாடு ஒன்றில் வாழும் உணர்வை இதுபோல் தந்த விளையாட்டுகள் குறைவு.

மோரோவிண்ட்: கையால் அமைத்த தீவு

அடுத்து வந்த பேட்டில்ஸ்பயர் (1997), ரெட்கார்டு (1998) ஆகிய இரண்டும் சிறிய களங்களைக் கொண்ட கிளை விளையாட்டுகள். ரெட்கார்டு ஒரே தீவில் நிகழ்ந்தது. அத்தீவு முழுவதும் கையால் அமைக்கப்பட்டது. இவை எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. நிறுவனம் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1999-இல் செனிமேக்ஸ் மீடியா என்னும் தாய் நிறுவனம் உருவாகிப் புதிய முதலீடு வந்த பிறகே நிலைமை சீரடைந்தது.

மூன்றாம் முதன்மை விளையாட்டான மோரோவிண்ட், அதே பெயருள்ள மாகாணம் முழுவதையும் உள்ளடக்குவதாக முதலில் எண்ணப்பட்டது. அத்திட்டம் கைக்கு அடங்காது என்று கண்டு, மாகாணத்தின் நடுவே எரிமலையுடன் அமைந்த வார்டன்ஃபெல் தீவுக்கு எல்லை சுருக்கப்பட்டது. ரெட்கார்டை வழிநடத்திய டாட் ஹோவர்டே இதற்கும் தலைமை ஏற்றார். உலகை அமைப்பதற்கான கருவியை உருவாக்குவதில் முதல் ஆண்டு கழிந்தது. மொத்த உழைப்பு ஏறத்தாழ 100 ஆள்-ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. அதாவது நூறு பேர் ஓராண்டு முழுவதும் செய்யும் வேலை.

24 சதுர கிலோமீட்டருக்கு நூறு ஆள்-ஆண்டு என்றால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு நான்கு ஆள்-ஆண்டுக்கும் மேல். இந்தக் கணக்கில் டாகர்ஃபாலின் பரப்பைக் கையால் அமைக்க ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆள்-ஆண்டுகள் தேவைப்படும். உலகம் ஏன் சுருங்கியது என்பதற்கான விடை இந்தக் கணக்கிலேயே உள்ளது. கணினியின் வேகம் ஆண்டுதோறும் கூடியது. ஒரு மனிதர் ஒரு நாளில் செய்யக்கூடிய வேலை அவ்வாறு கூடவில்லை.

பலன் 2002-இல் தெரிந்தது. காளான் காடுகள், சாம்பல் வெளிகள், பிரம்மாண்டமான நண்டின் ஓட்டுக்குள் கட்டிய குடியிருப்பு என்று ஒவ்வோர் இடமும் தனி முகம் கொண்டிருந்தது. மேசைமேல் இருக்கும் கோப்பையைக்கூட யாரோ ஒருவர் வைத்திருந்தார். நினைத்த இடத்துக்கெல்லாம் தாவும் வசதி இதில் இல்லை. படகு, நெடுங்கால் பூச்சி ஊர்தி, மந்திரவாதிகள் சங்கத்தின் சேவை ஆகியவை குறிப்பிட்ட ஊர்களை மட்டும் இணைத்தன. பேருந்துத் தடங்களைத் தெரிந்துகொள்வது போல இவற்றை ஆடுபவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். போக வேண்டிய இடத்துக்கு அம்புக்குறியும் கிடையாது. பாலத்தைக் கடந்து வடக்கே திரும்பு என்பது போல ஊரார் வழி சொல்வர்.

அப்லிவியனும் ஸ்கைரிமும்

2006-இல் வந்த அப்லிவியன், பேரரசின் நடுமாகாணமான சிரோடீலில் நிகழ்கிறது. இதன் காடுகளையும் மலைச்சரிவுகளையும் அமைக்க நிரல்வழிக் கருவிகள் மீண்டும் உதவின. இம்முறை கணினி வரைந்த நிலத்தின் மீது மனிதர் திருத்தம் செய்தனர். பெரும்பாலான நகரங்களுக்கு வரைபடத்திலிருந்து விரைவாகச் செல்லும் வசதி தொடக்கத்திலிருந்தே தரப்பட்டது. உரையாடல்கள் அனைத்தும் குரலில் பதிவு செய்யப்பட்டதால் நீண்ட வழிக்குறிப்புகள் மறைந்து, திசைகாட்டியில் குறி தோன்றியது. நிலம் மோரோவிண்டைவிடப் பெரிது. ஆனால் அதன் வழிகளை ஆடுபவர் நினைவில் கொள்ள வேண்டிய தேவை குறைந்தது.

2011 நவம்பர் 11 அன்று வெளியான ஸ்கைரிம் அப்லிவியனை ஒத்த பரப்பு உடையது. ஒன்பது ஆட்சிப் பகுதிகளும், ஒன்றுபோல் ஒன்று இல்லாத வகையில் ஒரு சிறு குழு வடிவமைத்த சுமார் 150 நிலவறைகளும் இதில் உள்ளன. மலைகள் குறுக்கிடுவதால் நேர்வழியில் செல்ல இயலாது. பாதை சுற்றிச் செல்கிறது. தட்டையான நிலத்தைவிட மடிப்பு விழுந்த நிலம் நடப்பவருக்குப் பெரிதாகத் தோன்றும். 2023 வரை இந்த விளையாட்டு 6 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றதாக டாட் ஹோவர்டு தெரிவித்தார்.

சிறு நிலம் பெரிதாகத் தோன்றும் விதம்

அப்லிவியனின் 41 சதுர கிலோமீட்டரைச் சதுரமாக்கினால் ஒரு பக்கம் ஆறரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. ஒன்றேகால் மணி நேர நடையில் ஒரு நாட்டையே கடந்துவிடலாம். இது ஆடுபவருக்கு உறுத்தாமல் இருக்கச் சில உத்திகள் கையாளப்பட்டன.

முதலாவது காலச் சுருக்கம். மோரோவிண்டிலும் அப்லிவியனிலும் காலம் 30 மடங்கு வேகமாக ஓடுகிறது. ஒரு நாள் 48 நிமிடங்களில் முடிந்துவிடும். ஸ்கைரிமில் இது 20 மடங்கு; ஒரு நாளுக்கு 72 நிமிடங்கள். காலையில் புறப்பட்டு அரைமணி நேரம் நடந்தால் மாலை ஆகிவிடுகிறது. நாள் முழுவதும் பயணம் செய்த எண்ணம் உண்டாகிறது.

இரண்டாவது பார்வைத் தொலைவு. மோரோவிண்டில் சற்றுத் தூரத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் மூடுபனி மறைத்தது. அக்காலக் கணினிகளால் தொலைவை வரைய இயலாமையே அதற்குக் காரணம். பிற்காலத்தில் ஆடுபவர்கள் உருவாக்கிய கருவிகளால் பனியை விலக்கியபோது, நெடுந்தொலைவு என்று எண்ணியிருந்த ஊர்கள் அருகருகே நிற்பது தெரிந்தது.

மூன்றாவது குறியீடு. ஸ்கைரிமின் மிக உயர்ந்த மலையில் உள்ள துறவியர் மடத்துக்கு ஏழாயிரம் படிகள் ஏற வேண்டும் என்று கதைமாந்தர் கூறுவர். எண்ணிப் பார்த்தால் ஆயிரம்கூட இராது. தெருக்கூத்து மேடையைச் சிலமுறை சுற்றிவருவது நெடும்பயணத்தைக் குறிப்பது போல, இங்கும் சில நூறு படிகள் ஏழாயிரத்துக்குப் பதிலாக நிற்கின்றன. டாகர்ஃபால் உலகை அதன் முழு அளவில் காட்ட முயன்றது. பின்வந்தவை அளவைக் குறைத்து மாதிரியாகக் காட்டின.

பரப்பை நாடும் முயற்சிகள்

செனிமேக்ஸ் ஆன்லைன் நிறுவனம் உருவாக்கி 2014-இல் வெளிவந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், டாம்ரியலின் பல மாகாணங்களை மீண்டும் ஒரே விளையாட்டில் கொண்டுவந்தது. அதன் நிலம் ஒரே நாளில் அமைந்ததன்று. 2017-இல் வார்டன்ஃபெல், 2018-இல் சம்மர்செட், 2019-இல் எல்ஸ்வெயர் என்று ஆண்டுதோறும் சேர்க்கப்பட்டது.

பெத்தெஸ்டா 2023-இல் வெளியிட்ட ஸ்டார்ஃபீல்டு இத்தொடரைச் சேர்ந்ததன்று. எனினும் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் பெருமளவு நிரல்வழியாக உருவாக்கப்பட்டன. கோள்கள் வெறுமையாக உள்ளன, கட்டடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற குறை எழுந்தது. 27 ஆண்டுகளுக்கு முன் டாகர்ஃபாலைப் பற்றிக் கூறப்பட்ட அதே குறைதான் இது.

கைவிடப்பட்ட நிலமும் தன்னார்வலர்களும்

நிறுவனம் கைவிட்ட நிலங்களை ஆடுபவர்களே எடுத்துக்கொண்டதும் இந்த வரலாற்றில் அடங்கும். தன்னார்வ நிரலாளர்கள் டாகர்ஃபாலைப் புதிய கணினிகளுக்கு ஏற்ப மீட்டமைத்தனர்; தொலைவிலுள்ள நிலமும் கண்ணுக்குப் புலப்படும் வகையில் அது இன்று ஆடப்படுகிறது.

மோரோவிண்ட் மாகாணத்தின் விடுபட்ட பெருநிலத்தை அமைக்கும் டாம்ரியல் ரீபில்ட் என்னும் முயற்சி, விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே 2001-இல் தொடங்கியது. பெத்தெஸ்டா அவ்விளையாட்டுடன் சேர்த்து வழங்கிய அதே கருவியைக் கொண்டு, ஊதியமின்றி, ஊர் ஊராக அவர்கள் நிலத்தை அமைத்து வருகின்றனர். தொடங்கியவர்களில் பலர் விலகிவிட்டனர். புதியவர்கள் வந்து தொடர்கின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த மாகாணம் இன்னும் முழுமையடையவில்லை.