தீயணைப்போர் மூச்சுக்கருவி: சேலம், நாமக்கல் சமவெளியில் அதன் நம்பகம்

புகையும் நச்சு வாயுவும் சூழ்ந்த இடத்துக்குள் போகும் தீயணைப்பு வீரர், வெளிக்காற்றைச் சாராமல் சுவாசிப்பதற்காக முதுகில் சுமந்து செல்லும் சாதனம் மூச்சுக்கருவி. தீயணைப்பு நிலையங்களில் இதைப் ‘பி.ஏ. செட்’ என்பார்கள். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. ஆனால் நெருப்பருகே தூய ஆக்சிஜனைக் கொண்டுபோவது ஆபத்து. இன்று தீயணைப்பில் பெரும்பாலும் பயன்படும், விடும் மூச்சை வெளியே போக்கிவிடும் திறந்த சுற்றுக் கருவியில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். வடிகட்டி, உலர்த்தி, 300 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. சரக்கு லாரியின் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 35 மடங்கு அது.

அமைப்பு

சிலிண்டரிலிருந்து வரும் காற்றின் அழுத்தத்தை ஒரு ரெகுலேட்டர் முதலில் சில பார் அளவுக்குக் குறைக்கிறது. முகமூடியில் உள்ள டிமாண்ட் வால்வு, வீரர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் காற்றை விடுகிறது. தற்காலக் கருவிகள் முகமூடிக்குள் வெளியைவிடச் சற்றே கூடுதல் அழுத்தத்தை எப்போதும் வைத்திருக்கும். சிறு இடைவெளி இருந்தாலும் காற்று வெளியே கசியுமே தவிரப் புகை உள்ளே வராது. தோள்பட்டையருகே அழுத்தமானி தொங்கும். காற்று தீரும் தறுவாயில், ஐரோப்பியத் தரப்படி 55 பார் அளவில், விசில் ஊதத் தொடங்கும். இந்தியாவில் இவ்வகைக் கருவிக்கான தரம் ஐ.எஸ். 10245-இன் இரண்டாம் பகுதி.

இந்த நிலத்தின் ஆபத்துகள்

பெருநகரத்தில் மூச்சுக்கருவி என்றதும் அடுக்குமாடித் தீ நினைவுக்கு வரும். சேலம், நாமக்கல் வட்டாரத்தின் தேவை வேறு. இது கடும்பாறை நிலம். பாறையை வெட்டி இறக்கிய 60 அடி, 80 அடிக் கிணறுகள் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. நெடுநாள் இறைக்காமல் கிடக்கும் கிணற்றின் அடியில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். கிணற்றுக்குள் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிறையும். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் தொட்டியில் புளித்து அழுகும்போதும், ஊரெங்கும் உள்ள மலக்கழிவுத் தொட்டிகளிலும் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட அந்த வாயு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் அதைவிடக் கூடுதலான அளவுக்குள் இறங்குகிறார். 1,000 பி.பி.எம். அருகே ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார்.

இவை தவிர பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு விசைத்தறிப் பகுதிகளின் நூல் கிடங்குகள், சங்ககிரியின் பெட்ரோலியக் கிடங்குகள், மேட்டூரின் வேதி ஆலைகள், நாமக்கல்லின் கோழித்தீவன ஆலைகள் ஆகியவையும் உண்டு.

ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வடிகட்டி முகமூடி எதற்கும் உதவாது. அது நஞ்சை வடிகட்டுமே தவிர, இல்லாத ஆக்சிஜனைத் தராது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவதும் அப்படித்தான்.

காற்றின் கணக்கு

கருவியின் நம்பகம் முதலில் கணக்கில் தொடங்குகிறது. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் என்றால் பெருக்கிப் பார்க்க 1,800 லிட்டர் காற்று. விசில் ஊதும்வரை செலவிடக்கூடியது 1,470 லிட்டர். கடும் உழைப்பில் ஒருவர் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கிறார் என்று கொண்டால் சுமார் 24 நிமிடம். கருவி ‘45 நிமிடம்’ என்ற பெயரில் விற்கப்பட்டாலும், அந்த நேரம் இதைவிடக் குறைவாகக் காற்றை இழுக்கும் ஒருவருக்கான கணக்கு.

கட்டடத் தீயில் வெளியேறும் வழி பெரும்பாலும் சமதளம், அல்லது இறங்குபடி. கிணற்றில் வெளியேறும் வழி மேல்நோக்கியது. உள்ளே போகும்போது எளிது, திரும்பும்போது கடினம். விசில் ஊதும்போது சிலிண்டரில் மிஞ்சுவது 330 லிட்டர். மயங்கிக் கிடந்தவரைக் கயிற்றில் கட்டி அனுப்பிவிட்டு, தானும் 80 அடி ஏறும் வீரர் நிமிடத்துக்கு 80 முதல் 100 லிட்டர் வரை இழுப்பார். அந்த மிச்சம் நான்கு நிமிடம்கூடத் தாங்குவது சந்தேகம். கிணற்று மீட்பில் விசிலுக்காகக் காத்திருப்பது தவறு என்பதே இதன் பொருள். இறங்கும்போதே திரும்பும் அழுத்தத்தை மேலே நிற்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 1981, தன் 2013 பதிப்பில் எச்சரிக்கை அளவைக் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்காக உயர்த்தியது.

இந்தக் கணக்குப் பிழைக்கு விலை கொடுத்த பிறகே உலகம் விதிகளை எழுதியது. 1958 ஜனவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டின் கோழி இறைச்சிச் சந்தையின் நிலவறையில் பிடித்த தீயில், ஆக்சிஜன் மூச்சுக்கருவி அணிந்து உள்ளே போன இரண்டு வீரர்கள் இறந்தார்கள். ஆக்சிஜன் தீர்வதை உணர்த்தும் எச்சரிக்கை அன்றைய கருவியில் இல்லை. உள்ளே யார், எப்போது போனார், எவ்வளவு காற்றோடு போனார் என்பதை வாசலில் வில்லை மாட்டிக் கணக்கு வைக்கும் முறையும், தீர்வதை அறிவிக்கும் விசிலும் அதன் பிறகே பிரிட்டனில் பொதுவாயின.

எங்கே பழுதாகிறது

முதல் பழுது சிலிண்டரை நிரப்பும் இடத்திலேயே நேர்கிறது. அவசரமாக நிரப்பினால் காற்று சூடேறி, மானியில் 300 பார் காட்டும். சிலிண்டர் 60 டிகிரி செல்சியஸிலிருந்து 30-க்குக் குளிர்ந்ததும் அது 270-க்கு அருகே இறங்கிவிடும். மேலே சொன்ன 24 நிமிடத்தில் மூன்று நிமிடம் அப்போதே போயிற்று. சேலத்துச் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில் இதற்கு நேர்மாறும் நடக்கும்: சூட்டில் மானி கூட்டிக் காட்ட, சிலிண்டர் நிறைந்திருப்பதாகத் தோன்றும்.

சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் குழாய், ஓடும் வண்டியின் புகைப்போக்கி அருகே இருந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள்ளேயே போய்ச் சேரும். எதிலிருந்து தப்பக் கருவியை அணிகிறாரோ அதையே வீரர் முதுகில் சுமந்து செல்வார். உலர்த்தும் வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் ஈரம் உள்ளே தங்கும். அழுத்தம் குறையும்போது காற்று குளிர்வதால் அந்த ஈரம் வால்வில் உறையக்கூடும். எஃகுச் சிலிண்டரில் உள்ளே துருவும் பிடிக்கும்.

அடுத்தது முகமூடி. தாடி, தடித்த கிருதா, மூக்குக்கண்ணாடியின் காது தாங்கி ஆகியவை முகத்தோடு ஒட்டும் ரப்பர் விளிம்பை விலக்கிவிடும். கூடுதல் அழுத்தம் புகையைத் தடுத்தாலும் கசிவு காற்றைத் தின்றுவிடும். முகமூடியின் ஒளிபுகும் முகப்பு பாலிகார்பனேட்டால் ஆனது. ஏறத்தாழ 150 டிகிரியில் இளகத் தொடங்கும். கருவியின் உறுப்புகளிலேயே வெப்பத்துக்கு மிக எளிதில் தோற்பது அதுதான் என்பதை அமெரிக்க விசாரணைகள் காட்டின. சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் கதிர்வெப்பத்தை ஐந்து நிமிடம் தாங்கும் சோதனை என்.எஃப்.பி.ஏ. 1981-இன் 2013 பதிப்பில் சேர்ந்தது. வீரர் அசையாமல் கிடந்தால் அலறும் ஒலிப்பானும் வெப்பத்துக்குத் தோற்பதே. உயர் வெப்பத்தில் அதன் சத்தம் மங்குவதாக 2005-இல் எச்சரிக்கை வந்தது; 2007-இல் சோதனை விதி கடுமையானது.

கருவி பழுதின்றி இருந்தும் கைவிடும் இடம் ஒன்று உண்டு: தொட்டியின் வாய். முதுகில் சிலிண்டரோடு ஓர் ஆள் நுழைய முடியாத அளவுக்குப் பல மலக்கழிவுத் தொட்டிகளின் வாய் குறுகியது. அங்கே சிலிண்டரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நுழைவது உயிரோடு விளையாடுவது. முகமூடி ஒருமுறை விலகினால் போதும். மேலே வைத்த பெரிய சிலிண்டரிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்று அனுப்பும் ‘ஏர்லைன்’ கருவியே அதற்கு ஏற்றது. இந்த வட்டாரத்தின் நிலையங்களுக்கு வாங்கும்போது முன்னுரிமை பெற வேண்டியது இதுவே.

பராமரிப்பும் சட்டமும்

சிலிண்டர்கள் 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளின் கீழ், நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாட்டில் வருகின்றன. குறித்த கால இடைவெளியில் நீரழுத்தச் சோதனை கட்டாயம். கார்பன் இழை சுற்றிய இலகுச் சிலிண்டருக்கு அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கு ஒரு சோதனை, வழக்கமாக 15 ஆண்டு ஆயுள். பளபளப்பாக இருப்பதால் மட்டும் அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனமாக்க ஒன்றிய அரசு 2023-இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. கருவி வாங்குவது அதில் எளிய பகுதி. ரூபாய்க் கணக்கில் அற்பமான ஓர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இல்லாமல் விலையுயர்ந்த கருவி அலமாரியில் முடங்கும். வட்டாரத்துக்கு ஒரு காற்று நிரப்பும் நிலையம், ஒரு பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பாளர், செட்டுக்கு ஒரு பதிவேடு ஆகிய மூன்றும் வாங்கும் ஆணையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பணிமாற்றத்திலும் அழுத்தத்தைப் பார்ப்பதும், முகமூடியை அணிந்து கசிவு பார்ப்பதும், காற்றை மெல்ல வெளியேற்றி விசில் ஊதும் அளவைச் சரிபார்ப்பதும் செலவில்லாத வேலைகள்.

இந்தக் கருவிகள் வந்துசேரும் முன்பே பெரும்பாலான உயிர்கள் போய்விடுகின்றன. 2013-இன் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் பாதுகாப்புச் சாதனமின்றித் தொட்டியில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. அக்டோபர் 2023-இல் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்க் குழி மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆயினும் முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கும் அண்ணனும், அவரைத் தேடி இறங்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அடுத்தடுத்துச் சாவது நிற்கவில்லை. கிணற்றிலோ தொட்டியிலோ ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால் இறங்காதீர்கள். 101 அல்லது 112-ஐ அழைத்து, ‘உள்ளே விஷவாயு இருக்கலாம், பி.ஏ. செட்டோடு வாருங்கள்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.