உத்தி பிரிச்ச ஆட்டம்

சடுகுடு வரலாறு எழுதுறவங்க பெரும்பாலும் 1936-க்குப் போயிடுவாங்க. பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு அங்கே கபடி ஆடிக் காட்டியது. 1950-ல் அகில இந்தியக் கபடி சம்மேளனம், 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கம். எல்லாம் சரி, இந்த வரலாற்றில் சின்னப் பிள்ளைகளைக் காணோமே?

தெருப் பிள்ளைகளின் சடுகுடு, கோடு கிழிக்கிறதுக்கு முன்னாடியே தொடங்கிடும். உத்தி பிரிக்கணும். ரெண்டு தலைவர்கள் நிப்பாங்க. மத்தவங்க சோடி சோடியா ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு பேரை ரகசியமா வெச்சுக்கிட்டு வருவாங்க. "சிங்கம் வேணுமா, புலி வேணுமா?" தலைவன் சிங்கம்னு சொன்னா அந்த ஆள் அவன் பக்கம், புலி எதிர்ப்பக்கம்.

இதில் சூட்சுமம் என்னன்னா, சமபலம் உள்ளவங்கதான் சோடி சேரணும். யார் பலசாலி, யாருக்கு மூச்சு நீளம், நமக்கு நிகர் யார்னு பத்து வயசுப் பிள்ளை நேர்மையா எடை போடணும். தன்னையும் சேர்த்துத்தான்! உயிர் நண்பனோட சோடி சேர்ந்தா அவன் எதிரணிக்குத்தான் போவான். சோடி கிடைக்காம மிஞ்சுற பொடியன் 'ஒப்புக்குச் சப்பாணி'. அவன் ஆடலாம், கணக்கில் வரமாட்டான். கொஞ்சம் வலிக்கிற பேருதான். ஆனாலும் அவனை வீட்டுக்கு அனுப்பலையே. தலைவன் ஒவ்வொருத்தரா பொறுக்கி, கடைசி ஆளை எல்லார் முன்னாடியும் நிறுத்துற முறையைவிட இது எவ்வளவோ மேல்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் பாடிப் போறது. ஒரே மூச்சில் பாடிக்கிட்டே ஓடணும், குனியணும், தொடணும், பிடிச்சா திமிறிக் கோட்டுக்குத் திரும்பணும். நுரையீரல், கால், கண் எல்லாத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை. கடிகாரம் கிடையாது, மூச்சுதான் கணக்கு. மூச்சு விட்டானா இல்லையான்னு சொல்ல நடுவரும் கிடையாது. கத்திச் சண்டை போட்டு அவங்களே முடிவுக்கு வரணும். அழுகுணி ஆட்டம் ஆடினா மறுநாள் சோடி கிடைக்காது.

சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே சிறுவர்களின் கோலி ஆட்டத்தைக் கவனிச்சு 1932-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சின்னப் பிள்ளைகள் விதியைப் பெரியவங்க தந்த மாறாத கட்டளையா நினைக்கிறாங்க. வளர வளர, எல்லாரும் ஒத்துக்கிட்டா மாத்தலாம்னு புரிஞ்சுக்கிறாங்கன்னு அதில் சொல்கிறார். மூச்சுக்காகச் சண்டை போட்ட நம்ம பசங்களுக்கும் அது பொருந்தும்.

இன்னிக்குக் கபடிக்கு 13-க்கு 10 மீட்டர் களம், பக்கத்துக்கு 7 பேர், பாடிப் போனா 30 விநாடி. நடுவர்கள் இருக்காங்க. அணியைத் தேர்வுக் குழு பிரிச்சுத் தருது.