புதுக்கோட்டை வட்டாரத்து மொய் விருந்து

மொய் என்னும் சொல் பழந்தமிழில் கூட்டம், நெருக்கம், போர் என்னும் பொருள்களில் வழங்கிற்று. ஈ மொய்த்தல், மக்கள் மொய்த்தல் என்னும் வழக்குகளில் அப்பழம்பொருள் இன்றும் நிலவுகின்றது. பின்னர், மணம் முதலிய நிகழ்ச்சிகளில் உற்றாரும் ஊராரும் அளிக்கும் பணத்திற்கும் அது பெயராயிற்று. பலரும் திரண்டு வந்து அளித்தலின், திரட்சியின் பெயர் கொடைக்கு ஆகி வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். இக்கொடை வழக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் எய்தியுள்ள தனி வளர்ச்சியை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் முதலிய ஊர்களிலும், அவற்றை அடுத்துத் தஞ்சை மாவட்டத்தில் உள்ள பேராவூரணிப் பகுதியிலும் இவ்விருந்து நடைபெறுகின்றது. ஆலங்குடி வட்டம் தொண்டைமான் மரபினர் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பேராவூரணிப் பகுதியோ ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. சமஸ்தானம் 1948 மார்ச்சு 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைக்கப்பெற்றது. 1974 சனவரி 14-இல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பன்முறை மாறிய நிலத்தில், அவ்வெல்லைகளைக் கடந்து ஒரே வழக்கம் பரவியிருத்தல் கருதத்தக்கது. கொள்வினை கொடுப்பினையும் வேளாண்மைத் தொடர்புமே இதற்கு எல்லை வகுத்தன எனலாம்.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மணம், காதணி விழா, புதுமனை புகுதல் ஆகியவற்றை ஒட்டியே மொய் எழுதப்படும். நிகழ்ச்சி முதன்மையானது; மொய் அதன் வழித்தோன்றுவது. மொய் விருந்திலோ இம்முறை தலைமாறிவிடுகின்றது. மணமக்கள் இல்லை, காது குத்தப்பெறும் குழந்தையும் இல்லை. மொய் பெறுவதே நோக்கம். அதன்பொருட்டு விருந்து அமைகின்றது. அழைப்பிதழிலும் ‘மொய் விருந்து’ என்றே வெளிப்படையாக அச்சிடுவர்.

இவ்விருந்துகள் பெரும்பாலும் ஆடி, ஆவணித் திங்கள்களில் நிகழும். ஆடியில் மணவினை நிகழ்த்தாமை தமிழர் பலரிடையே உள்ள வழக்காதலின், பந்தலும் சமையற்காரரும் அக்காலத்தில் எளிதிற் கிடைப்பர். ஆடிப்பட்ட விதைப்பிற்குக் கைப்பணம் வேண்டியிருத்தலும் நினைக்கத்தக்கது. செலவைப் பகிரும்பொருட்டுப் பலர் கூடி ஒரே பந்தலில் ஒரே விருந்தை நடத்துவர். ஆட்டுக்கறிச் சோறே சிறப்புணவு. உணவு பொதுவாயினும் கணக்கு தனித்தனியே அமையும். விருந்து நடத்துவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு மேசை, பெயர்ப்பலகை, பணமிடும் பாத்திரம், எழுதுவோர், குறிப்பேடு ஆகியன உண்டு. அண்மை ஆண்டுகளில் பணமெண்ணும் பொறிகளும் இடம்பெற்றுள்ளன.

இனி, இக்கணக்கின் இயல்பை நோக்குவோம். ஒருவர் தம் விருந்தில் மற்றொருவரிடம் ஆயிரம் ரூபாய் பெற்றார் என்க. அம்மற்றவர் விருந்து நடத்துங்கால் இவர் இரண்டாயிரம் செய்கின்றார். அதில் ஆயிரம் பழைய கடனை அடைக்கின்றது. எஞ்சிய ஆயிரம் புதிய கடனாக ஏட்டில் ஏறுகின்றது. பெற்றதை மட்டும் திருப்பிச் செய்வோர் கணக்கை முடித்துக்கொள்பவராவர். ஒருவர் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை விருந்து நடத்துவர். ஆதலின் ஐந்தாண்டுச் சிறு கொடுப்பனவுகள் ஒரே நாளில் பெருந்தொகையாகத் திரண்டு, கிணறு தோண்டவும், நிலம் வாங்கவும், மக்களைப் படிக்கவைக்கவும் பயன்படுகின்றன.

இதனை வட்டியில்லாக் கடன் என்பர் பலர். அஃது ஒருபுடை உண்மையே. எனினும், கடன் பெறுபவர் விருந்துச் செலவை முன்னரே ஏற்கின்றார் என்பதனை மறத்தலாகாது. பணமாகக் கொடுபடாத வட்டி, சோறாகவும் கறியாகவும் அனைவர்க்கும் பகிரப்படுகின்றது. இவ்வாறு நோக்கின் விருந்தே வட்டியாம். கூட்டு விருந்து தோன்றியமைக்கும் இதுவே காரணமாதல் கூடும். பலர் சேரச்சேர ஒவ்வொருவர் ஏற்கும் வட்டி குறைகின்றது.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோசு 1925-இல் வெளிவந்த கொடை பற்றிய தம் ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்னும் மூன்று கடப்பாடுகளைச் சுட்டினார். விரும்பி அளிப்பது போலத் தோன்றும் கொடைக்குள் கட்டாயம் மறைந்துள்ளது என்பது அவர் கருத்து. மொய் விருந்தில் அக்கட்டாயம் மறைந்தும் நிற்கவில்லை; ஏட்டில் எழுதப்பட்டே உள்ளது. சீட்டுத் தொழிலுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மொய்க்கோ அத்தகைய தனிச்சட்டம் இல்லை. ஊரார்முன் நாணுதலே அதன் காவல்.

அக்காவல் எஞ்ஞான்றும் போதுமா என்பதே வினா. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கசாப் புயல் இவ்வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் வீழ்த்திற்று. 2020-இல் பெருந்தொற்று மக்கள் கூடுவதையே தடுத்தது. தனியொருவர் இடர்ப்படுங்கால் ஊர் தாங்கும். ஊரே இடர்ப்படுங்கால் தர வேண்டியவர், பெற வேண்டியவர் இருவரும் ஒருங்கே தளர்வர். முறை வந்து பெற்றவர்க்குத் திருப்பித் தரும் சுமை. முறை வாராதவர்க்குக் கொடுத்தது திரும்புமோ என்னும் கவலை. வலியார்க்கு இஃது முதலீடு. கூலி வேலையை நம்பியவர்க்கோ, ஒவ்வோர் ஆடியிலும் வந்து குவியும் அழைப்பிதழ்கள் புதுக்கடனுக்கு வழியாதலும் கூடும். வழக்கத்தைப் போற்றுவோர் இவ்விரு பக்கங்களையும் காணல் வேண்டும்.

இரண்டையும் நடுநின்று அறிதற்குரிய சான்று, வீடுதோறும் உள்ள மொய் ஏடுகளே. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் திரட்டப்பெற்று 1929-இல் நூலாக வெளிவந்தன. கோயிற்குக் கொடுத்தவர் யார், எவ்வூரினர், என்ன கொடுத்தார் என்பவற்றை அக்கல்வெட்டுகள் பல உரைக்கின்றன. மொய் ஏடுகள் உரைப்பனவும் இவையே. கல்லில் எழுதியவை காக்கப்பட்டன. தாளில் எழுதியவை கணக்கு முடிந்ததும் அழிகின்றன. உறவின் பரப்பு, பணமதிப்பின் மாற்றம், வேளாண் குடிகளின் ஏற்றத் தாழ்வு ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் காட்டவல்ல இவ்வேடுகளை, உரியவர் இசைவுடனும் பெயர் மறைத்தும் படியெடுத்துக் காத்தல் ஆராய்ச்சி மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.