நெட்வொர்க் கார்டைக் கொன்றது யார்?

2008-ம் வருடம், செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்து, உலகமே பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதனால் லினக்ஸ்காரர்கள் வீட்டில் விழுந்த இழவு வெளியே அதிகம் தெரியவில்லை.

விஷயத்துக்குப் போகுமுன் கெர்னல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அத்தை நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? சமையல்காரர் நெய் கேட்டாலும் சரி, மாப்பிள்ளை வீட்டார் சோப்பு கேட்டாலும் சரி, அந்த அத்தை வழியாகத்தான் வரவேண்டும். கம்ப்யூட்டரில் மெமரி, டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றுக்கும் சாவி வைத்திருக்கும் அத்தைதான் கெர்னல். நீங்கள் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் உங்கள் பாக்கெட்டிலும் ஒரு லினக்ஸ் அத்தை உண்டு.

கம்பெனிகள் தங்கள் சாஃப்ட்வேரைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சோதிக்கும். லினக்ஸ் கதை வேறு. லினஸ் டோர்வால்ட்ஸ் இரண்டு வாரம் புதுச் சரக்கை எல்லாம் உள்ளே வாங்கிப் போடுவார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்றாக ‘ரிலீஸ் கேண்டிடேட்’ வெளியிடுவார். ஏழெட்டு வாரம் ஓடும். இஷ்டப்பட்டவர்கள் எடுத்து ஓட்டிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல்லவேண்டும். அவர் கையில் எத்தனை வகை மெஷின் இருந்துவிடும்? உலகத்தில் இருக்கிற லேப்டாப் எல்லாவற்றிலும் ஓடுமா என்று தெரிய, உலகத்தில் இருக்கிறவர்கள்தானே ஓட்டவேண்டும்?

ஓட்டுகிறவனுக்கு என்ன நஷ்டம் வரும்? ஃபைல் போகும். 2001 நவம்பரில் வந்த 2.4.15, சோதனைப் பதிப்புகூட இல்லை, முழுசாக ரிலீஸ் ஆனது. டிஸ்க்கைக் கழற்றும் நேரத்தில் ஃபைல் சிஸ்டத்தையே குழப்பியடித்தது. சில நாட்களுக்குள் 2.4.16 வரவேண்டியதாயிற்று. அந்த 2.4 வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்போதுதான் மார்செலோ டொசாட்டி என்கிற பிரேசில் பையன் கைக்குப் போனது. வயசு பதினெட்டு! நம் ஊரில் அந்த வயசில் பையனை நம்பி பைக் சாவி கொடுக்கமாட்டோம்.

ஆகவே, சோதிப்பவர்கள் பேக்கப் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஃபைல் போனால் போகட்டும், மெஷின் போகாது. சாஃப்ட்வேர் தப்பு செய்தால் ஹார்ட்வேர் சாகாது என்று ஒரு நம்பிக்கை.

2.6.27 அந்த நம்பிக்கையைத்தான் உடைத்தது.

இன்டெல் நெட்வொர்க் சிப் உள்ள சில லேப்டாப்களில் இந்தச் சோதனைக் கெர்னலைப் போட்டவர்களுக்கு, ஒருநாள் நெட்வொர்க் வரவில்லை. பழைய கெர்னலுக்குத் திரும்பினார்கள். அப்போதும் வரவில்லை. கார்டின் அடையாள எண்ணும் மற்ற அமைப்பு விவரங்களும் ஒரு சின்ன ஃபிளாஷ் மெமரியில் இருக்கும். அதில் யாரோ கிறுக்கிவிட்டார்கள். தான் யார் என்றே கார்டுக்குத் தெரியவில்லை. அந்த விவரத்துக்கு முன்பே நகல் எடுத்து வைத்திருந்தால் திருப்பி எழுதலாம். ஆனால், நெட்வொர்க் கார்டுக்கு யார் சார் பேக்கப் எடுப்பார்கள்?

ஓப்பன்சூசே, ஃபெடோரா, உபுண்டு, மாண்ட்ரிவா எல்லாருடைய சோதனைப் பதிப்புகளிலும் இந்தக் கெர்னல் ஏறியிருந்தது. எச்சரிக்கைகள் பறந்தன. உபுண்டு, அந்த கார்டின் டிரைவரையே முடக்கிவைத்தது.

முதல் சந்தேகம் அந்த டிரைவர் மேல்தான். பெயர் இ1000இ. இன்டெல் ஆட்கள் குடைந்தார்கள். சில மெஷின்களில் கிராஃபிக்ஸ் கவிழ்ந்த கையோடு கார்டும் போயிருந்ததால் அந்தப் பக்கமும் தேடினார்கள். ஆள் சிக்கவில்லை. கடைசியில், அந்த ஃபிளாஷில் யாரும் எழுதவே முடியாதபடி பூட்டு ஒன்றைப் போட்டார்கள். பூட்டோடு அக்டோபர் 9-ம் தேதி 2.6.27 ரிலீஸ் ஆனது. வீடு பத்திரம். திருடன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்!

நான் பி.காம். படித்தவன். டிரயல் பேலன்ஸ் உதைத்தால், எந்த லெட்ஜரில் வித்தியாசம் தெரிகிறதோ அங்கே தப்பு இருக்காது என்று எங்கள் வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். இங்கேயும் அதே கதை. திருடன் பெயர் எஃப்ட்ரேஸ். ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது. கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று வேவு பார்க்கும் கருவி. ஆமாம், தப்பைக் கண்டுபிடிப்பதற்கென்றே 2.6.27-ல் புதிதாகச் சேர்த்தது!

ஒவ்வொரு ஃபங்ஷன் வாசலிலும் இது ஒரு சின்ன அழைப்பு மணி வைக்கும். வேவு பார்க்காத நேரத்தில் மணி அடித்தால் வேகம் குறையும். ஆகவே, எந்தெந்த வாசல் என்று குறித்துக்கொண்டு, சற்று நேரம் கழித்துப் போய் மணிகளைக் கழற்றிவிடும். இந்த ‘சற்று நேரம்’தான் வில்லன். கெர்னலில் சில பகுதிகள் ஆரம்ப வேலை முடிந்ததும் காலி செய்துகொண்டு போய்விடும். அந்த முகவரிக்கு வேறு ஆள் குடிவருவார். சில மெஷின்களில் அப்படிக் குடிவந்தவர், நம் நெட்வொர்க் கார்டின் ஃபிளாஷ்.

எஃப்ட்ரேஸ் முட்டாள் இல்லை. நான் வைத்த மணிதானா என்று பார்த்து, ஆமாம் என்றால் மட்டும் மாற்றும். அதற்கு ஒரு பிராசஸர் கட்டளை உண்டு. ஒப்பிடு, ஒத்துப்போனால் மாற்று. சாதாரண மெமரியில் இது சமர்த்து. ஆனால், ஒத்துப்போகாவிட்டாலும் அந்தக் கட்டளை சும்மா திரும்பாது. இருந்ததையே எடுத்து மறுபடி எழுதிவிட்டு வரும். மெமரியில் அதனால் ஒரு சேதமும் இல்லை. சாதனத்தின் ஃபிளாஷில் எழுதினால்? போச்சு.

அக்டோபர் 15-ம் தேதி வந்த 2.6.27.1-ல் எஃப்ட்ரேஸின் இந்தப் பகுதியை முடக்கினார்கள். அடுத்த 2.6.28-ல், கெர்னலைத் தயாரிக்கும்போதே வாசல் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளும் வழி வந்தது. பிறகு போய்க் கழற்றுகிற வேலையே இல்லை.

பூட்டு விழுவதற்கு முன் கார்டைப் பறிகொடுத்தவர்கள், அடுத்த சோதனைப் பதிப்பு வருமுன் நகல் வைத்திருக்கும் யாராவது கிடைப்பாரா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.